மூன்றாவது மாத்திரை

"வடிவு அட்டெண்டர்!" என்று வாசலில் நிற்கிற செக்யூரிட்டி கூப்பிடுவார். கூப்பிட்டதும் எழுந்து போக வேண்டும், டாக்டரம்மா முன்னால் நிற்க வேண்டும், ரெண்டே ரெண்டு வரியைச் சொல்லிவிட வேண்டும். எங்க அக்கா ஆறு வருஷமா டெக்ஸா மாத்திரை சாப்பிட்டா, மூணு வாரத்துக்கு முன்னால நான்தான் அதை நிறுத்தினேன். அவ்வளவுதான் விஷயம். மூச்சு விடாமல் சொன்னால் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகாது. ஆவுடையப்பன் இதை மனசுக்குள் இதுவரை நாற்பது தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பார். ஒவ்வொரு தடவையும் 'நான்தான்' வருகிற இடத்தில் நாக்கு முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. சரி, 'நான்தான்' வேண்டாம், 'நின்னுபோச்சு' என்று சொல்லலாமே. மூணு வாரத்துக்கு முன்னால நின்னுபோச்சு. மழை நிற்கிறது, கரண்ட் நிற்கிறது, அதுபோல மாத்திரையும் நின்றது. யார் நிறுத்தினார்கள் என்று அந்தப் பெண் கேட்கவா போகிறாள்? கேட்பாள். கேட்கிற ரகம்தான் அது. நேற்றே கேட்டாளே, நேற்றே கேட்டாளே ஐயா, அப்போது எங்கே போயிற்று இந்த வாய்? சுவர்க் கடிகாரத்தில் மணி மூணு பத்து. நாலு மணிக்குத்தான் டாக்டர்கள் வெளியே வந்து ஒவ்வொரு நோயாளியின் ஆட்களையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது.

திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி அது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாலு வரிசை இரும்பு நாற்காலி. கதவுக்குப் பக்கத்தில் செருப்புகள் சிதறிக் கிடந்தன. எந்தச் செருப்பைப் பார்த்தாலும் யாரோ அவசரமாக ஓடிவந்தது தெரிந்தது. உள்ளே ஏழாம் நம்பர் கட்டிலில் வடிவக்கா கிடக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளிர்காய்ச்சல், சனிக்கிழமை முழுக்க வாந்தி, நேற்று ஞாயிறு காலையில் கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாள், மறுபடி மூடிக்கொள்கிறாள். நூற்றெட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். மூத்திரத்துல இருந்த கிருமி ரத்தத்துல கலந்துட்டு, செப்சிஸ்னு சொல்லுவோம், என்றாள் டாக்டரம்மா. நிலோபர் என்று அவள் சட்டையில் பெயர் குத்தியிருந்தது. முப்பது வயது இருக்குமா? பிரஷர் ரொம்ப இறங்கிட்டு, ஏத்துறதுக்கு மருந்து போகுது, பாப்போம், என்றாள். 'பாப்போம்' என்ற வார்த்தையை ஆவுடையப்பன் முப்பது வருஷமாகத் தன் கடைக்கு வருகிறவர்களிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். இன்னொருத்தர் வாயிலிருந்து வந்தால் அதற்கு இவ்வளவு எடை இருக்கும் என்று தெரியாது. சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் மெடிக்கல் ஷாப் அவருக்கு. மெடிக்கல் அண்ணாச்சி என்றால் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பக்கத்து நாற்காலியில் அக்கா மகள் சுகந்தி மடியில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்து அதன் மூடியைத் திறக்கிறாள், மூடுகிறாள், திறக்கிறாள். இவள் வேறு. இவள் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்ததும் மறந்துவிடுகிறது.

உள்ளங்கை ஈரமாக இருந்தது. வேட்டியில் துடைத்தார், மறுபடி ஈரம். வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நெஞ்சு தடதடவென்று அடிப்பது காதுக்குள் கேட்டது. அட, இதுவும் தெரிந்த பாடம்தானே. டிப்ளமோ படித்தபோது மதுரையில் ஒரு வாத்தியார் கரும்பலகையில் ரெண்டு சிறுநீரகத்தை வரைந்து, ரெண்டுக்கும் தலையில் ஆளுக்கொரு குல்லா மாட்டிவிட்டார். இதுதான்டா அட்ரினல் சுரப்பி. துரத்துறது நாயா இருந்தாலும் சரி, கடன்காரனா இருந்தாலும் சரி, உடம்புக்குள்ள கிருமி பூந்தாலும் சரி, மொதல்ல எந்திரிச்சு நிக்கிறது இதுதான். ஓடுறதுக்குத் தெம்பு குடுக்கும், ரத்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கும், சர்க்கரையை எடுத்து வெளிய விடும். இது இல்லைன்னா மனுசன் ஒரு சாதாரணக் காய்ச்சலைக்கூடத் தாங்க மாட்டான். வகுப்பே சிரித்தது, குல்லா போட்ட சிறுநீரகத்தைப் பார்த்து. ஆவுடையப்பனும் சிரித்தார். பரீட்சையில் அதே கேள்வி வந்தது, படம் வரைந்து எழுதினார், நல்ல மார்க். வெளியிலிருந்து ஸ்டீராய்டு நெடுநாள் கொடுத்தால் என்ன ஆகும்? சுரப்பி தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்? அதையும் எழுதினார். படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று எழுதி, அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு வேறு போட்டார். அந்தக் கோட்டை இப்போது நினைத்தால் யாரோ முதுகில் கீறியது போல் எரிகிறது.

யார்தான் செட்டு கொடுக்கவில்லை? அந்தப் பக்கத்தில் எந்த மருந்துக்கடையில் போய் நின்றாலும், அண்ணாச்சி, இடுப்பு வலி ஒரு செட்டு, மேலு வலி ரெண்டு செட்டு என்றுதான் கேட்பார்கள். பழைய காலண்டர்த் தாளைக் கிழித்து, அதில் ஒரு பெரிய மஞ்சள் மாத்திரை, அது வலிக்கு. ஒரு ரோஸ் மாத்திரை, அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க. மூன்றாவதாகக் குட்டியாக ஒரு வெள்ளை, அதுதான் டெக்ஸா, ஸ்டீராய்டு. மடித்துக் கொடுத்தால் பொட்டலம் சட்டைப் பையில் போகும். அந்த மூன்றாவதுதான் உண்மையில் வேலை பார்க்கிற ஆள். மற்ற ரெண்டும் சும்மா கூட வந்தவை. அதன் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே ஆட்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா என்று டாக்டர் கேட்டால், சத்தியம் பண்ணாத குறையாக இல்லை என்பார்கள். பொய் இல்லை அது. மாத்திரை என்றால் அட்டையில் வர வேண்டும், சீட்டு இருக்க வேண்டும், டாக்டர் கையெழுத்து இருக்க வேண்டும். அண்ணாச்சி கொடுக்கிற பொட்டலம் மாத்திரைக் கணக்கில் வராது. டீ குடிக்கிறோம், வெத்தலை போடுகிறோம், செட்டு போடுகிறோம். ஆவுடையப்பனுக்கு இது தெரியும். தெரிந்துதான் கடையை நடத்தினார்.

அக்காவுக்கு முதல் பொட்டலம் கொடுத்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை அவளுக்கு. நூற்றெண்பது பிள்ளைகளுக்குச் சோறும் சாம்பாரும். உட்கார்ந்து காய் வெட்டணும், எழுந்து அண்டாவை இறக்கணும், மறுபடி உட்காரணும். முழங்கால் ரெண்டும் வீங்கி, கடைப் படி ஏற முடியாமல் கீழேயே நின்று, ஏல ஆவுடை, இந்தக் காலை வெட்டி எறிஞ்சிட்டு வேற கால் குடுல, என்றாள். அவளுக்கு எப்போதும் இப்படித்தான் பேச்சு, அழுவதைக்கூடக் கேலியாகத்தான் அழுவாள். அவர் பொட்டலம் மடித்தார். மூணாம் நாள் படியேறி வந்தாள்! விறுவிறுவென்று ஏறி, கடைக்குள்ளேயே வந்து, என்ன மாயம்ல வச்சிருக்க உன் பொட்டலத்துல, இருவது வயசுப் பிள்ளை மாதிரில்லா நடக்கேன், என்று கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கச் சிரித்தாள். அன்றைக்கு ஆவுடையப்பனுக்கு நெஞ்சு ஒரு சாண் அகலமாயிற்று. அப்பா இல்லாத வீட்டில் தன்னைப் படிக்க வைத்தவள், தன் மாத்திரையால் படியேறி வந்திருக்கிறாள். ஒரு வாரம் போதும், பத்து நாள் போதும், மழைக்காலம் முடியட்டும், இந்த வருஷம் பள்ளிக்கூடம் முடியட்டும் என்று போய்ப் போய் ஆறு வருஷம். முகம் உருண்டது. வடிவு சதை போட்டிருக்காளே என்றார்கள் ஊரில். கையில் லேசாக இடித்தாலே ஊதா நிறத்தில் கன்றியது. அதையெல்லாம் பார்க்காமலா இருந்தார்? பார்த்தார். இன்னும் பத்து மாசத்துல அவளுக்கு ரிட்டயர்மென்ட், அதுக்கப்புறம் மெல்லக் குறைச்சிரலாம், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்களை ஒரு பொட்டலமாகக் கட்டினால் கடை கொள்ளாது.

மூணு வாரத்துக்கு முன்னால் பக்கத்து ஊரில் ஒரு கடையைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டார்கள். செட்டு மாத்திரை கொடுத்ததற்காக. சேதி வந்த அன்று மத்தியானமே ஆவுடையப்பன் வெள்ளை மாத்திரை டப்பாவை மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுபோய்க் குளத்துக்கரைக் குப்பையில் வீசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை மிதித்தார். மற்றவர்களிடம், இனி செட்டு கிடையாதுய்யா, டாக்டரைப் பாருங்க, என்று சொல்லிவிடலாம், சொல்லியும்விட்டார். அக்காவிடம் எப்படிச் சொல்வது? ஏம்ல, என்ன மாத்திரைல அது, இத்தனை வருஷம் என்னத்தைக் குடுத்த எனக்கு, என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, அதே அளவில் இருந்த வெள்ளைச் சத்து மாத்திரை ஒன்றை மூன்றாவது இடத்தில் வைத்து மடித்துக் கொடுத்தார். காலையில் ரெண்டு, ராத்திரி ஒன்று, எல்லாம் பழையபடியே. அவளும் பழையபடியே வாங்கிக்கொண்டு போனாள். அரை மில்லி கிராம் மாத்திரைதானே, அது என்ன செய்துவிடும், என்று நினைத்தார். பரீட்சையில் கோடு போட்ட கை இப்படி நினைத்தது! முதல் வாரம் அசதி என்றாள். இரண்டாவது வாரம் சோறு இறங்கவில்லை, அடுப்பு முன்னால் நின்றால் கண் இருட்டுகிறது என்றாள். மாத்திரை இப்ப கேக்க மாட்டேங்கு தம்பி, என்றாள். அவர் என்ன சொன்னார்? வெயில்க்கா, மோர் குடி, என்றார். நாசமாய்ப் போக. மோர் குடி என்று சொன்ன வாயை என்ன செய்வது?

"மாமா, காப்பி வாங்கிட்டு வரட்டா? காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலையே நீங்க," என்றாள் சுகந்தி. வேண்டாம் தாயி என்று தலையை ஆட்டினார். மணி மூணு இருபத்தைந்து. நேற்று இதே இடத்தில்தான் அந்த டாக்டரம்மா கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். சுகர் உண்டா? இல்லை. பிரஷர்? உண்டு, மாத்திரை சாப்பிடுறாங்க. வேற ஏதாவது மாத்திரை, வலி மாத்திரை, நாட்டு மருந்து, ஸ்டீராய்டு ஏதாச்சும்? சுகந்திதான் பதில் சொன்னாள். இல்ல டாக்டர், வேற எதுவும் இல்ல. அவர் சுகந்திக்குப் பின்னால், எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா நிமிர்ந்து அவரையும் ஒரு பார்வை பார்த்தாள். ஒரு நொடி இருக்கும். அந்த ஒரு நொடியில் எத்தனை வந்து போயிற்று! கடை, கடை ஷட்டரில் சீல், ஊர் வாய், சுகந்தியின் முகம், அக்கா முகம். அந்த நொடி போய்விட்டது. டாக்டரம்மா 'இல்லை' என்று எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் இருபத்தாறு மணி நேரம் ஆகிவிட்டது. அவளே கண்டுபிடித்துவிடுவாள் என்று ராத்திரி முழுக்க இருந்தார். முகம் உருண்டிருப்பதை, தோல் காகிதமாய் மெலிந்திருப்பதைப் பார்த்தால் தெரியாதா, படித்த பிள்ளைதானே? இல்லையென்றாலும் இப்படி பிரஷர் ஏறாதவர்களுக்குக் கடைசியில் ஸ்டீராய்டு ஊசியைத்தானே போடுவார்கள், அவர் சொல்லாமலே போட்டுவிட்டால்? போட்டுவிட்டால் அவர் பேர் வெளியே வராது, அக்காவும் பிழைத்துக்கொள்வாள். எப்படிப்பட்ட கணக்கு பாருங்கள். ராத்திரி முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்து சாமியிடம் அவர் கேட்டது இதைத்தான்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வரும்போது கண் ரெண்டும் சிவந்திருக்கும். அந்த அடுப்பு இருக்கே, ரெண்டு மாசம் பத்த வைக்காமப் போட்டுட்டா அது மறந்தே போயிரும்ல, என்பாள். சாம்பல் அடைத்துக் கிடக்கும், விறகு நமுத்திருக்கும், ஊதி ஊதித் தொண்டை போகும், ஒரு மணி நேரம் புகைந்துவிட்டுத்தான் பிடிக்கும். ரெண்டு மாசத்துக்கே அப்படி. ஆறு வருஷமாக வெளியிலிருந்து சோறு வருகிறது என்று அணைந்து கிடந்த அடுப்பு உள்ளே, வயிற்றுக்குள்ளே, குல்லாவுக்குள்ளே. சோற்றையும் நிறுத்தினார். அப்புறம் ஒரு படைக்கே சமை என்றால் அது எங்கே போகும்? கிருமி வந்துவிட்டது, உடம்பு கூப்பாடு போடுகிறது, எழுந்து நிற்க வேண்டியது தூங்குகிறது. குழாய் வழியாக மருந்து போகிறதுதான், ரத்தக் குழாயை இறுக்கு, இறுக்கு என்று அது சொல்கிறதுதான், ஆனால் அந்தச் சொல்லைக் காதில் வாங்க ரத்தக் குழாய்க்கு இன்னொன்று வேண்டும். கார்ட்டிசால் என்கிற அதுவும் அந்தக் குல்லாவிலிருந்துதான் வர வேண்டும். இங்கே பார்த்தால் இவருக்கு ஊற்றாய் ஊற்றுகிறது. ரெண்டு வரி சொல்லப் பயந்த ஒரு மனுஷனுக்கு உள்ளங்கை வேர்க்கிற அளவு, நெஞ்சு தெறிக்கிற அளவு சுரக்கிறது. சாவோடு மல்லுக்கு நிற்கிறவளுக்கு ஒரு சொட்டு இல்லை. இதை எடுத்து அவளுக்கு ஊற்ற முடிந்தால்! ரத்தம் கொடுப்பதுபோல் கையை நீட்டிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுவார், அது உண்மை. அதற்கெல்லாம் அவர் தயார். வாயைத் திறக்கத்தான் தயாரில்லை.

நாய். வாத்தியார் துரத்துகிற நாய் என்று சொன்னபோதே அவருக்கு அந்த நாய்தான் ஞாபகம் வந்தது, செவலை நாய், ஒரு காது மடிந்தது. அப்போது ஆவுடைக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தொடையில் பல் பட்டுவிட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று எல்லாப் பையன்களும் சொல்லிப் பயமுறுத்திய காலம். புண்ணில் சுண்ணாம்பைத் தடவி, டவுசரை இழுத்து விட்டுக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாமல் இரண்டு நாள் இருந்தான். மூன்றாம் நாள் குளிப்பாட்டும்போது வடிவக்கா பார்த்துவிட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. என்னல இது? முள்ளுக்கா. முள்ளு இப்படியால நாலு ஓட்டை போடும்? அழுதுவிட்டான். ஏம்ல சொல்லல? பயந்துட்டேன்க்கா. அவள் அடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டான். அடிக்கவில்லை. பயந்தா எங்கிட்டதானல சொல்லணும், என்றாள், இது தெரியாதா உனக்கு என்கிற மாதிரி. அம்மா வயல் வேலைக்குப் போய்விடுவாள். பதினாலு நாளும் அவள்தான் கையைப் பிடித்து மூணு மைல் நடத்திக் கூட்டிப் போனாள். ஊசி போடும்போது அவன் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பாவாடையில் விறகுப் புகை வாசம் அடிக்கும். திரும்பி வரும் வழியில் ஆறாவது ஊசி முடிஞ்சிதுல, இன்னும் எட்டுதான், என்று எண்ணிக்கொண்டே வருவாள். ஐம்பத்துநாலு வயதில், இரும்பு நாற்காலியில், அந்தப் புகை வாசம் இப்போது மூக்கில் வந்தது. யாரோ எங்கேயோ பினாயில் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வடிவு அட்டெண்டர்!"

நாலு மணி ஆகவில்லையே, மூணு ஐம்பதுதானே, என்று முதலில் தோன்றியது. இன்னும் பத்து நிமிஷம் எனக்கு இருக்கிறதே என்று செக்யூரிட்டியிடம் சண்டைக்குப் போகலாம்போல் இருந்தது. சுகந்தி எழுந்து நடந்துவிட்டாள். நாற்காலியின் முதுகைப் பிடித்து எழுந்து, அவளுக்குப் பின்னால் போனார். நேற்றைப்போலவே பின்னால். டாக்டரம்மா மாஸ்க்கைக் கீழே இறக்கியிருந்தாள், கண்ணுக்குக் கீழே கருவளையம், அவளும் தூங்கியிருக்க மாட்டாள்.

"கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்குமா," என்றாள் சுகந்தியைப் பார்த்து. "பிரஷருக்கு ஒரு மருந்து முழு அளவுல போகுது. ரெண்டாவதும் ஆரம்பிச்சாச்சு. அப்படியும் எழுவதைத் தாண்ட மாட்டேங்குது. மூத்திரம் இறங்கல. ஆன்டிபயாட்டிக் சரியாத்தான் குடுத்திருக்கோம், ஆனா உடம்பு கூட நிக்க மாட்டேங்குது. ஏன்னு புரியல."

"எனக்குப் புரியும்," என்றார் ஆவுடையப்பன்.

தான் சொன்னதுதானா அது? சுகந்தி திரும்பினாள். பேச்சை இங்கே நிறுத்தினால் முடிந்தது, இனி எப்போதும் வாயில் வராது. எக்ஸ்ரே கவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார், பிடித்துக்கொள்ளக் கையில் ஒன்றுமில்லை.

"டாக்டரம்மா, நான் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன். இவ எங்க அக்கா. முட்டி வலிக்கு நான்தான் டெக்ஸா குடுத்தேன். அரை மில்லி, காலையில ரெண்டு, ராத்திரி ஒண்ணு. ஆறு வருஷம். மூணு வாரத்துக்கு முன்னால பயந்து டப்பாவைத் தூக்கி எறிஞ்சிட்டேன். அவ நிறுத்தல. அவளுக்குத் தெரியாது. வேற மாத்திரையை வச்சு மடிச்சுக் குடுத்துட்டேன்."

டாக்டரம்மா திட்டப் போகிறாள் என்று காத்திருந்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளித் தலையை உள்ளே நீட்டி, "சிஸ்டர், பெட் ஏழு! ஹைட்ரோகார்ட்டிசோன் நூறு, இப்பவே. அதுக்கு முன்னால கார்ட்டிசாலுக்கு ரத்தம் எடுத்துருங்க, ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், எடுத்ததும் போட்டுருங்க," என்றாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள். "ராத்திரிக்குள்ள ஏறலைன்னா அந்த ஊசி போட்டுப் பாக்கலாம்னு பெரிய டாக்டர் சொல்லித்தான் இருந்தார். ஆனா இது தெரிஞ்சிருந்தா நேத்தே, உள்ள வந்த உடனே போட்டிருப்போம். ஒரு நாள் போயிட்டுது ஐயா. நேத்து நான் கேட்டேன்லா?"

"கேட்டீங்க."

"இப்பவாவது சொன்னீங்களே," என்றாள். அதைக் கோபமாகச் சொன்னாளா சமாதானமாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. உள்ளே போய்விட்டாள்.

நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலியை விட்டுத்தான் உட்கார்ந்தார் அவர், பக்கத்தில் உட்கார உரிமை இல்லை என்று பட்டது. நெஞ்சடிப்பு மெதுவாக அடங்கிக்கொண்டு வந்தது, உள்ளங்கை காய்ந்துவிட்டது. பாருங்கள் இந்த உடம்பை, சொன்னதும் போதும் என்று மூடிவிட்டது. இனி இவள் கேட்பாள். எங்கம்மாவை என்ன மாமா பண்ணீங்க என்று கேட்பாள். கேட்கட்டும், நியாயம்தான். ஒரு நாள். இருபத்தாறு மணி நேரம். அதில் எத்தனை மணி நேரம் அக்காவின் உடம்பில் எது எது செத்துப்போயிற்றோ. சுகந்தி பாட்டில் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"மாமா," என்றாள் பிறகு. "நேத்து நான் இல்லைன்னு சொன்னேன்லா. தெரியாம சொல்லல."

அவர் நிமிர்ந்தார்.

"ஆம்புலன்ஸ்ல வாரப்ப அம்மாவுக்குக் கொஞ்சம் நினைவு வந்துது. எங் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஏட்டி, ஆஸ்பத்திரியில மாத்திரை ஏதும் கேட்டா மாமா குடுத்ததை மட்டும் சொல்லிராத, அவன் கடைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரும்னா. சத்தியம் வாங்கிக்கிட்டா மாமா. அதான் சொல்லல. அது இவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியாது. சும்மா வலி மாத்திரைதானன்னு இருந்துட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு வாய் கோணியது. "நானும்தான மாமா மறைச்சேன்."

இருக்கிற நாலு மூச்சில் ஒரு மூச்சை அக்கா இதற்குச் செலவழித்திருக்கிறாள். ஆவுடையப்பன் நடுவில் இருந்த நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்து, சுகந்தியின் தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டார். நீ ஒண்ணும் மறைக்கல தாயி, நீ ஒண்ணும் மறைக்கல, என்று சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். எதிர் வரிசையில் யாரோ ஒருத்தர் டிபன் பாக்ஸைத் திறந்து இட்லி சாப்பிட ஆரம்பித்தார்.

ஆறரை மணிக்கு மறுபடி கூப்பிட்டார்கள். எண்பத்தெட்டுக்கு வந்திருக்கு, ஏறுது, ரெண்டாவது மருந்தைக் குறைச்சிருக்கோம், ஆனா இன்னும் ரெண்டு மூணு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும், என்றாள் டாக்டரம்மா. கண்ணு முழிச்சிருக்காங்க, ஒரு ஆள் மட்டும் போய்ப் பாருங்க, ரெண்டு நிமிஷம். நீங்க போங்க மாமா, என்றாள் சுகந்தி. நீ போ பிள்ள என்றார் அவர். அவள் தலையை ஆட்டிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

செருப்பைக் கழற்றினார், பச்சை அங்கி ஒன்றை மாட்டிவிட்டார்கள், முடிச்சுப் போட வரவில்லை. ஏழாம் நம்பர் கட்டில். வாயிலும் மூக்கிலும் ஆக்சிஜன் மூடி, ரெண்டு கையிலும் குழாய், உருண்டையாகப் பார்த்துப் பழகிய முகம் ஒரே நாளில் வற்றிக் கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது. இவரைப் பார்த்ததும் அது கொஞ்சம் அசைந்தது. தலைக்கு மேல் பச்சை எழுத்தில் பிரஷர் தொண்ணூற்றொன்று என்று இருந்தது. வெளியே நாற்பது தடவை ஒத்திகை பார்த்தவருக்கு இங்கே ஒத்திகையே தேவைப்படவில்லை.

"யக்கா, அந்த மூணாவது மாத்திரையை நான் மாத்திட்டேன். உன்கிட்டச் சொல்லல."

அவள் மூடிக்குள்ளே ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. குனிந்து காதைக் கிட்டக் கொண்டுபோனார்.

"தெரியும்ல," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். "கசக்கலைல. அது… எப்பவும் கசக்கும்." மறுபடி மூச்சு. "நல்லதுக்குத்தான் மாத்திருப்பன்னு… இருந்துட்டேன்."

மூணு வாரம். ஒவ்வொரு நாளும் மூணு மாத்திரை. கசக்காத மாத்திரை என்று தெரிந்தே, தண்ணீர் குடித்து விழுங்கியிருக்கிறாள்.

"நல்லதுக்கு இல்லக்கா," என்றார் ஆவுடையப்பன். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டுவிட்டார். "பயந்துட்டேன்க்கா. கடைக்குப் பயந்துட்டேன்."

அக்காவின் குழாய் செருகியிருந்த கை மெத்தையில் ஒரு விரல் அளவு நகர்ந்து அவர் விரலைத் தொட்டது.

"பயந்தா எங்கிட்டதானல சொல்லணும்," என்றாள்.